ஒட்டகத்துக்குக் கொடுத்த மாத்திரைகள்

இதனால் மயிலாப்பூர், மந்தைவெளி, சாந்தோம் வட்டாரத்துப் பொதுமக்கள் அனைவருக்கும், இன்னும் பிறக்காத என் மகனாகிய உனக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: இன்று சனிக்கிழமை காலை ஒன்பது மணி இருபது நிமிடத்துக்கு எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து ஒன்பது ஐஸ்கட்டிகள் சிவப்பு ஃப்ளாஸ்கை நோக்கிப் புறப்பட்டன. எட்டு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. ஒன்று வழுக்கி சமையல்கட்டுத் தரையில் விழுந்து, மம்மியின் காலடியில் உயிர்நீத்தது. நிலைமை தற்போது கட்டுக்குள் உள்ளது. மேற்படி ஃப்ளாஸ்கைத் தூக்கிக்கொண்டு, வரலாற்றில் முதல்முறையாக, யார் துணையும் இல்லாமல், மார்பை நிமிர்த்திக்கொண்டு, உன் தந்தையாகிய நான் ஊசி போட்டுக்கொள்ளக் கிளம்பினேன். பேண்டு வாத்தியம்தான் பாக்கி.

மகனே, முதலில் ஒரு சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். நீ இதைப் படிக்கும்போது உனக்கு இருபது வயதாவது ஆகியிருக்கும். எழுதுகிற எனக்குப் பதினேழு. அதாவது உன் அப்பன் உன்னைவிட மூன்று வயது சின்னவன். அதற்காக 'சொல்லுடா தம்பி' என்று ஆரம்பித்துவிடாதே, மரியாதை முக்கியம். உன் அம்மா யாரென்று எனக்கு இன்னும் தெரியாது. அவளுக்கும் தெரியாது, பாவம், எங்கேயோ நிம்மதியாக ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருப்பாள். பெற்றவர்கள் இப்படி நீளமாகக் கடிதம் எழுத ஒரு காரணம் வேண்டும் என்பார்கள். பிள்ளைக்குக் கல்யாணமாக இருக்கும், பிள்ளை வெளியூர் போவான், இல்லாவிட்டால் எழுதுகிறவருக்கு வயதாகிவிட்டிருக்கும். என் காரணம் மூன்றாவது. போன வாரம் எனக்குப் பதினேழு பிறந்தது. அதையொட்டி என் இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்த டாக்டர், "கசிவு அப்படியேதான் இருக்கு. ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. நாற்பது வயசு வரைக்கும் ஊசியை விட்டுடாதப்பா" என்றார். நாற்பது! என் எதிர்காலம் பப்ளிக் எக்ஸாமோடு முடிந்துவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நாற்பதில் நான் எப்படி இருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். முதலில் ஒரு தொப்பை வந்தது. பிறகு கண்ணாடி வந்தது. அதன் பின்னாலேயே நீ வந்து நின்றாய். வந்தவனிடம் பேசாமல் இருப்பது நல்லாயிருக்காது என்று கெமிஸ்ட்ரி ரஃப் நோட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பிவிட்டேன்.

விஷயம் இதுதான். இருபத்தொரு நாளைக்கு ஒரு முறை, இடுப்புக்குக் கீழே, நான் உட்காரும் இடத்தில் ஒரு பெனிசிலின் ஊசி. ஒரு முறை வலப்பக்கம், மறுமுறை இடப்பக்கம். ஏழு வருடமாக நடக்கிறது. தெருவே 'வாலு' என்று கூப்பிடுகிற பையனுக்கு இதய வால்விலேயே கோளாறு வந்ததைக் கடவுளின் நகைச்சுவை என்று நான் சொன்னால், மம்மி சிலுவை போட்டுக்கொண்டு என் வாயிலும் ஒன்று போடுவாள். ஆனால் கடவுளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த நகைச்சுவைக்குக் கதை வசனம் நான்தான்.

அப்போது எனக்குப் பத்து வயது. டிசம்பர் மாத ஆரம்பம். தொண்டை வலி, காய்ச்சல், எச்சில் விழுங்கினால் முள் விழுங்குகிற மாதிரி இருந்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பெனிசிலின் குடும்பத்து மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார். பாதி சிவப்பு, பாதி மஞ்சள், ஜிகினா போட்ட மாதிரி பளபளவென்று இருக்கும். ஒரு நாளைக்கு மூன்று, பத்து நாள். மூன்று நாளில் தொண்டை சுத்தமாகச் சரியாகிவிட்டது. நான்காம் நாளிலிருந்து உன் தந்தையின் மூளை வேலை செய்தது. வலியே இல்லையே, மாத்திரை எதற்கு? எங்கள் வீட்டு ஹாலில் கிறிஸ்துமஸ் குடில் வைத்திருந்தார்கள். வைக்கோல், மாட்டுக்கொட்டில், இடையர்கள், மூன்று ராஜாக்கள், ராஜாக்களின் ஒட்டகம், எல்லாம் பளிச்சென்று இருக்கும். மம்மி மாத்திரையைக் கொடுப்பாள். நான் வாயில் போட்டு, கன்னத்தில் அடக்கி, தண்ணீரை மட்டும் மடக்மடக்கென்று குடித்து, நேராகக் குடிலுக்குப் போய் முழங்கால் படியிட்டு, கைகூப்பி, கண்மூடி, ஒட்டகத்தைத் தூக்கி அதன் கீழே வைக்கோலில் மாத்திரையைத் துப்பி வைப்பேன். காலை, மதியம், இரவு என மூன்று வேளை ஜெபம். மம்மி உருகிப்போய்விட்டாள். மாதா கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "என்னமோ தெரியல, இந்த வருஷம் அவனுக்கு பக்தி வந்திருக்கு. சாமியாராப் போயிடுவானோன்னு பயமா இருக்கு" என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தாள். கோயில் பெரியவர் ஒருவர் என் தலையில் கை வைத்து ஆசீர்வாதமே செய்துவிட்டுப் போனார்.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் எழுந்தேன், வலது முழங்கால் வீங்கியிருந்தது. நான் நொண்டிக்கொண்டே ஹாலுக்கு வந்தேன். இங்கே என் முன்கதையை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்கூலுக்கு மட்டம் போடுவதற்காக நான் அதற்கு முன்னால் வயிற்று வலி, பல்வலி, காது கேளாமை, ஒருமுறை திடீர்க் கண்பார்வைக் குறைவு என்று பல வேஷங்கள் கட்டியிருந்தேன். அதனால், லீவு நாளாக இருந்தும், என் நொண்டலை யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டு நாளில் வலது முழங்கால் வலி தானாகப் போய், இடது கணுக்காலுக்கு வந்துவிட்டது. அந்த வியாதியின் குணமே அதுதானாம், மூட்டுக்கு மூட்டு தாவும். அது எங்களுக்குத் தெரியாது. உன் தாத்தா, அதாவது என் டாடி, சைதாப்பேட்டை கோர்ட்டில் டைப்பிஸ்ட். நாள் முழுக்க வாக்குமூலம் டைப் அடிக்கிற கை அவருடையது, பொய்ச்சாட்சியைப் பார்த்ததும் பிடித்துவிடுவார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "டேய், முந்தாநாள் வலது கால், இன்னிக்கு இடது காலா? எந்தக் கால்னு முடிவு பண்ணிட்டு வந்து நடி" என்றார். நானும் மம்மியும் சேர்ந்து சிரித்தோம். நிஜமாகவே சிரிப்பு வந்தது, என்ன செய்ய. மூன்று நாள் கழித்து, மாடிப்படியில் நாலு படி ஏறியதற்கே எனக்கு மூச்சு வாங்கியது. டாடி என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அன்றைக்குப் பிறகு அவர் என்னிடம் "நடிக்காதே" என்று ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. நான் நிஜமாகவே நடிக்கிறபோது கூட.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கினார். தொண்டையில் வந்த கிருமியை விரட்ட உடம்பு ஒரு படையைத் திரட்டுகிறது. கிருமியின் மேல்சட்டையும் நம் இதய வால்வின் சட்டையும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் அந்தப் படை ஆள் மாறாட்டத்தில் வால்வையும் போட்டு அடித்துவிடுகிறது. ருமாட்டிக் காய்ச்சல் என்று பேர். தொண்டை வலி வருகிற எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் ஆரம்பத்திலேயே பெனிசிலினை முழுசாக முடித்துக் கிருமியைத் துடைத்து எடுத்துவிட்டால், பெரும்பாலும் படையே கிளம்பாது. "மாத்திரை பத்து நாளும் குடுத்தீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். "ஒரு வேளை விடாம குடுத்தேன் டாக்டர்" என்றாள் மம்மி. நான் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன். அது என் வாழ்க்கையிலேயே சிறந்த நடிப்பு.

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் குடிலைப் பிரிப்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்த வருடம் மம்மி தனியாகப் பிரித்திருக்கிறாள். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கஞ்சி கொண்டுவந்தாள், தலை வாரிவிட்டாள், போர்வையை மாற்றினாள். போகும்போது கைப்பையிலிருந்து அந்த ஒட்டகத்தை எடுத்து, கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில், தண்ணீர் பாட்டிலுக்கு அருகே, என்னைப் பார்த்த மாதிரி நிற்க வைத்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான். அவள் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன். ஒட்டகத்திடம் என்ன சொல்வது? வைக்கோலில் இருபத்தொரு மாத்திரை கிடந்ததாகப் பிற்பாடு ஒருநாள் சொன்னாள். முப்பதில் ஒன்பதைக் கழித்தால் அதுதான் கணக்கு. அன்று ஒளித்த ஒரு மாத்திரைக்கு ஒரு நாள் வீதம் இடைவெளி விட்டு, இன்று வரை ஊசி வந்து என்னைத் தேடிக்கொண்டிருக்கிறது.

பெனிசிலின் என்ன செய்யும் என்று உனக்குச் சொல்ல வேண்டும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் மல்லிகா சிஸ்டர். எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி இருக்கிற சின்ன கிளினிக்கில் எனக்கு ஊசி போடுகிறவர் அவர்தான், சைதாப்பேட்டைக்காரர். ஒரு நாள் நான் வம்புக்கு, "சிஸ்டர், இது உள்ளே போய் என்னதான் செய்யுது?" என்று கேட்டேன். "இன்னாத்த செய்யும்? கிருமி வூடு கட்டும், இது கொத்தனார் கையைப் புட்சிக்கும். வூடு கட்டி அடிக்கிறதுன்னு சொல்வாங்கல்ல, இது வூடு கட்ட வுடாம அடிக்கிறது" என்றார். வூடு கட்டி அடிப்பது என்றால் சென்னைப் பேச்சில் ஆளைச் சுற்றிச் சுற்றி வந்து வெளுப்பது. நான் அன்றோடு வார்த்தை விளையாட்டில் இரண்டாம் இடத்துக்குப் போனேன். அப்போது எங்கள் பக்கத்துப் பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டிக்கொண்டிருந்தார்கள், அதனால் ஜன்னலில் நின்றே எனக்கு விஷயம் விளங்கியது. கிருமி என்பது உள்ளே தண்ணீர் முட்டிக்கொண்டிருக்கிற ஒரு சின்னப் பை. அதைச் சுற்றி ஒரு சுவர் இருப்பதால்தான் வெடிக்காமல் இருக்கிறது. கிருமி வளர வளர சுவரையும் நீட்டிக்கொண்டே போக வேண்டும், நீட்டுகிற இடத்தில் குறுக்குக் கம்பி கட்ட வேண்டும். கம்பி கட்டுகிற ஆளிடம் பெனிசிலின் போய், நானும் கம்பிதான் என்று கையை நீட்டும். அவன் நம்பிப் பிடிப்பான். பிடித்த கை ஒட்டிக்கொள்ளும், அப்புறம் விடவே விடாது. வேலை நின்றுவிடும். சுவர் பலவீனமாகும், உள்ளே முட்டுகிற தண்ணீர் தள்ளும், சுவர் உடையும், ஆட்டம் முடிந்தது. அந்த வருட மழையில் பக்கத்து சைட்டின் பாதி கட்டிய காம்பவுண்டுச் சுவர் சரிந்ததைப் பார்த்தபோது, இதோ பெனிசிலின் என்று கத்தினேன். மேஸ்திரி கரண்டியைத் தூக்கிக்கொண்டு என்னைத் துரத்தினார்.

இதில் அழகு என்னவென்றால், நம் உடம்பின் செல்லுக்கு அந்த மாதிரிச் சுவரே கிடையாது. அதனால் பெனிசிலின் நம்மை விட்டுவிட்டு கிருமியை மட்டும் தேடிப் பிடிக்கிறது. சளி, ஜலதோஷம் கொண்டுவருகிற வைரஸுக்கும் சுவர் இல்லை, அதனால் அதனிடம் இதன் பாச்சா பலிக்காது. என் கிளாஸ் கார்த்திக் இருக்கிறானே, அவனுக்குத் தும்மல் வந்தால் தி.நகர் மெடிக்கல் ஷாப்பில் நின்று, "அண்ணா, அந்த சிவப்பு மஞ்சள் ரெண்டு குடுங்க" என்று வாங்கிப் போட்டுக்கொள்வான். "மச்சி, சுவரே இல்லாத வீட்டை எப்படிடா இடிப்பே?" என்றேன். "ரெண்டு போட்டா தெம்பா இருக்கும்டா" என்றான். ரெண்டே ரெண்டு போட்டு நிறுத்தினால், உடம்பில் சும்மா இருக்கிற மற்ற கிருமிகள் வேடிக்கை பார்த்துப் பாடம் படிக்கும். பெனிசிலினைத் துண்டு துண்டாக நறுக்கக் கத்தரிக்கோல் செய்யக் கற்றுக்கொண்ட கிருமிகள் எத்தனையோ இருக்கின்றன. என் தொண்டைக்கு வந்த கிருமி மட்டும் இன்றுவரை அந்தக் கத்தரிக்கோலைச் செய்யக் கற்றுக்கொள்ளவே இல்லை. என்னைப் போலவே ஒரே பாடத்தில் திரும்பத் திரும்ப ஃபெயில். அதனால்தான் அந்தக் காலத்து மருந்தான பெனிசிலினே எனக்கு இன்னும் போதுமானதாக இருக்கிறது.

என் ஊசி அந்தக் குடும்பத்திலேயே சோம்பேறி. மற்றது உள்ளே போய் நாலைந்து மணி நேரத்தில் சிறுநீரோடு வெளியேறிவிடும். இது தசைக்குள் உட்கார்ந்துகொண்டு, வாயில் போட்ட கல்கண்டு மாதிரி, மூன்று வாரத்துக்கும் மேலே கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். மறுபடி தொண்டைக் கிருமி வந்தால் வாசலிலேயே பிடிக்க ஒரு காவல்காரன் எப்போதும் ரத்தத்தில் இருப்பான். இருபத்தொரு நாள் தாண்டினால் காவல்காரன் தூங்க ஆரம்பிப்பான். மருந்தின் அளவைப் பன்னிரண்டு லட்சம் என்பார்கள். அது ரூபாயில்லை, மருந்து அளக்கிற கணக்கு. ஆனாலும் பன்னிரண்டு லட்சத்தின் மேல் உட்கார்ந்து கிளாஸைக் கவனிக்கிற ஒரே மாணவன் நான்தான். மருந்தைக் கலக்கினால் பால் மாதிரி கெட்டியாக இருக்கும். சிஸ்டர் உள்ளங்கையில் வைத்து உருட்டி, ஊசியில் இழுத்ததும் நிற்காமல், ஒரே சீராகத் தள்ள வேண்டும். கை நின்றால் மருந்து ஊசியிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். பன்னிரண்டு வயதில் இது தெரியாமல் என் திறமையைக் காட்டினேன். ஊசி பாதி இறங்கிக்கொண்டிருக்கும்போது, "சிஸ்டர், பன்னிரண்டு லட்சத்துக்கு ரசீது குடுப்பீங்களா?" என்றேன். சிரித்துவிட்டார். கை நின்றது. ஊசி அடைத்தது. உருவி எடுத்துப் புது ஊசி மாற்றி, அந்தப் பக்கம் வீங்கியிருந்ததால் மறுபக்கத்தில் போட்டார். உலகத்திலேயே சொந்த ஜோக்குக்கு இரண்டு ஊசி வாங்கியவன் நான் ஒருவன்தான். அன்றிலிருந்து சிஸ்டர் சட்டம்: "ஊசி உள்ள கீறப்போ வாயைத் தொறந்தே, நாக்குல போட்டுடுவேன்."

மம்மி ஐஸ்கட்டியைக் கைக்குட்டையில் சுற்றி ஊசி போடுகிற இடத்தில் முதலில் ஐந்து நிமிடம் வைப்பாள், மரத்துப்போகும். இந்த ஏழு வருடத்தில் எந்த ஊசி நாளும் தப்பவில்லை என்றால் அதற்கு அவளும் டாடியும்தான் காரணம். ஒருமுறை கே.கே. நகரில் அத்தை வீட்டுக் கல்யாணம், அன்றைக்கென்று இருபத்தொன்றாம் நாள். பக்கத்து கிளினிக்கில் கேட்டால், பெனிசிலின் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, திடீரென்று மயங்கிவிடுவார்கள், நாங்கள் போடுவதில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். அவர்கள் பயமும் நியாயம்தான். அதனால்தான் சிஸ்டர் முதலில் கையில் துளி போட்டு டெஸ்ட் செய்து, அரைமணி உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, அவசர மருந்தைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டுதான் பெரிய ஊசியைக் கையில் எடுப்பார். போட்ட பிறகு இன்னொரு அரைமணி உட்கார வைப்பார். கல்யாண வீட்டிலிருந்து டாடி பட்டுவேட்டியோடு ஸ்கூட்டரை எடுத்தார். அடைமழை. நான் பின்னால், எனக்குப் பின்னால் ஃப்ளாஸ்க். மந்தைவெளி வந்து ஊசி போட்டு, திரும்பிப் போனபோது பந்தியில் பாயசம் தீர்ந்திருந்தது. டாடி மழையிலும் இப்படி ஓடுவதற்குக் காரணம் எனக்குத் தெரியும். அன்று 'எந்தக் கால்னு முடிவு பண்ணு' என்று சொன்னதும், அதனால் மூன்று நாள் தாமதமானதும்தான் என் வால்வைக் கெடுத்தது என்று அவர் இன்றைக்கும் நினைக்கிறார். ஒட்டகத்தின் கதையை மம்மி அவரிடம் சொல்லவே இல்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நான். இதுவரை சொல்லவில்லை. இதை நீ உன் நினைவில் குறித்துவைத்துக்கொள், பின்னால் உதவும்.

ஒரு ஊசி தப்பினால் என்ன ஆகிவிடும் என்று நீ கேட்பாய், நானும் கேட்டேன். பதில் எனக்குப் பக்கத்திலேயே பெஞ்சில் உட்காரும். நசீமா அக்கா, ராயப்பேட்டை. அவருக்கும் எனக்கும் ஒரே நாளில்தான் ஊசி முறை வரும். கல்யாணம் ஆகி வேறு ஊர் போனபோது, நல்லாத்தானே இருக்கிறோம் என்று ஒன்றரை வருடம் ஊசியை விட்டுவிட்டார். காய்ச்சல் திரும்ப வந்தது, இந்தத் தடவை வால்வை முழுசாகச் சாப்பிட்டுவிட்டுப் போனது. நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். கிளினிக்கில் ஃபேன் நின்று அமைதியானால் அவர் நெஞ்சிலிருந்து டிக், டிக் என்று கேட்கும். முதல் நாள் நான் சுற்றுமுற்றும் கடிகாரத்தைத் தேடினேன். "இன்னா தேடறே? நான்தான். கையில வாட்ச்சே கட்றதில்ல தம்பி, உள்ளயே கீது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து படுத்ததும் என் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன், சத்தம் வருகிறதா என்று.

அதனால் மகனே, உன்னிடம் சொல்ல வந்தது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. தொண்டை வலித்தால் டாக்டரிடம் காட்டு. அவர் மாத்திரை கொடுத்தால், வலி போனாலும் கடைசி மாத்திரை வரைக்கும் விழுங்கு. கொடுக்காவிட்டால் கெஞ்சி வாங்காதே. உன் வீட்டிலும் குடில் வைப்பார்கள், ஒட்டகத்தை நான் தினமும் தூக்கிப் பார்ப்பேன், அந்த வித்தை எல்லாம் என்னிடம் பலிக்காது. நொண்டிக்கொண்டு வந்தால் எந்தக் காலாக இருந்தாலும் நம்புவேன். ஒன்பது தடவை நீ நடித்திருந்தாலும் பத்தாவது தடவையும் நம்புவேன், ஏமாந்தால் ஏமாந்துவிட்டுப் போகிறேன். அப்புறம், தைரியம். அதை என்னைப் பார்த்துக் கற்றுக்கொள். போன வாரம் மம்மியிடம் நான் கம்பீரமாக அறிவித்தேன்: "எனக்குப் பதினேழாச்சு. இனிமே ஊசிக்கு யாரும் கூட வர வேணாம். எறும்பு கடிக்கிற மாதிரி. நானே போய்ட்டு நானே வந்துடுவேன்." இன்று காலை மம்மி ஃப்ளாஸ்கைக் கையில் கொடுத்தாள். கூடவே சட்டைப்பையில் அந்த ஒட்டகத்தைச் செருகினாள். "துணைக்கு" என்றாள்.

இப்போது கொஞ்சம் கூச்சத்தோடு ஒரு விஷயம். இந்தக் கடிதத்தை நான் வீட்டில் உட்கார்ந்து, ஊசி போட்டுவிட்டு வந்து, வெற்றிக்களிப்பில் எழுதுகிறேன் என்று நீ நினைத்திருப்பாய். இல்லை. கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கையில் டெஸ்ட் துளி பத்து மணிக்கே போட்டாகிவிட்டது. அரைமணிதான் உட்கார வேண்டும். இப்போது மணி பன்னிரண்டேகால். வந்தவர்களையெல்லாம் "நீங்க போங்க, நீங்க போங்க" என்று முன்னால் விட்டு, கிளினிக்கிலேயே மிகவும் மரியாதையான பையன் என்று பேர் வாங்கிவிட்டேன். நசீமா அக்கா போட்டுக்கொண்டு, தன் அரைமணியும் உட்கார்ந்து முடித்துவிட்டார். "இன்னாடா, இன்னும் எழுதிக்கினே கீறே? பரீட்சையா?" என்று என் தலையில் தட்டிவிட்டுக் கிளம்பினார். வாசல் வரைக்கும் போய் வெயிலுக்கு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். அந்த ஒரு நிமிடம் கரண்ட் போய் ஃபேன் நின்றது. டிக், டிக் கேட்டது. அவர் போன பிறகும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. சிஸ்டர் உள்ளேயிருந்து, "டேய் வாலு, நீ உள்ள வர்றியா, இல்ல நான் மூட்டை கட்டிக்கினு வூட்டுக்குப் போவட்டா? ஒண்ணரை மணிக்கு ஷட்டர் போட்டுடுவேன், நாளைக்கு ஞாயித்துக்கெழம" என்று கத்தினார்.

ஃப்ளாஸ்கைத் திறந்து பார்த்தேன். நான் பாதி வழியில் எடுத்து எடுத்துச் சப்பியது போக மிச்ச ஐஸும் தண்ணீராகிவிட்டது. ஏழு வருடத்தில் ஐஸ் இல்லாமல் நான் ஊசி போட்டதில்லை, மம்மியோ டாடியோ கூட இல்லாமலும் போட்டதில்லை. எறும்பு கடிக்கிற மாதிரி என்றேனே, அந்த எறும்பு யானை சைஸ். எழுந்து வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று நோட்டை மூடக்கூட மூடினேன். பாக்கெட்டில் ஒட்டகம் குத்தியது. போனை எடுத்து டாடிக்கு அடித்தேன். "டாடி, ஐஸ் கரைஞ்சிடுச்சு" என்றேன். மூன்று தெரு தள்ளி வீடு, ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலைக்கு ஐஸ் எப்படிக் கரையும் என்று அவர் கேட்கவில்லை. பொய்ச்சாட்சி பிடிக்கிற மனுஷன். "எத்தனை கட்டி வேணும்?" என்றார்.

இப்போதுதான் ஸ்கூட்டர் சத்தம் கேட்கிறது. லுங்கியோடு வந்திருக்கிறார், கையில் மம்மியின் குழம்புக் கிண்ணம் நிறைய ஐஸ். பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். என்ன எழுதுகிறேன் என்று எட்டிப் பார்க்கவில்லை. ஊசி போட்ட பிறகு அரைமணி நேரம் இங்கேயே உட்கார வேண்டுமே, என்னாலும் அப்போது ஓட முடியாது, அந்த அரைமணியில் ஒட்டகத்தை அவர் கையில் கொடுத்துக் கதையைச் சொல்லிவிடப் போகிறேன். அடித்தால் மறுபக்கத்தில் அடிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வேன். நோட்டை மூடுகிறேன் மகனே. சிஸ்டர் மருந்தை உருட்டுகிறார். எழுந்து நின்றாகிவிட்டது. கால் நடுங்குகிறது. எந்தக் கால் என்று டாடி கேட்டால், இந்தத் தடவை இரண்டும்தான்.